பதினொரு தாங்கிகளும் ஓர் அடுப்பும்

சாணியைப் பற்றி யாராவது வாயெடுத்தால் நான் லேசில் விடுகிற ஆள் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கதை வேண்டாம் என்று என் மனைவி எத்தனையோ வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டார். ஆனால் சென்ற மாதம் கேட்டது வீட்டு ஆள் இல்லை, அரசாங்கம். நான் வேலை செய்த பகுதியில் இப்போது இருக்கும் பொறியியலாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். நாடு முழுவதற்கும் பயோமீதேன் தொழிலை வளர்க்க ஒரு திட்டம் தயாராகிறதாம். பழைய ஆட்களின் அனுபவத்தையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்களாம். வரைவையும் அனுப்பிவைத்தார். சாணம், சந்தைக் குப்பை, ஆலைக் கழிவு எல்லாவற்றிலிருந்தும் வாயுவை எடுத்து, சுத்தம் செய்து, சிலிண்டரில் அடைத்து பஸ் கூட ஓட்டலாம் என்று போட்டிருந்தது. எந்த ஆண்டுக்குள் எவ்வளவு என்று மாவட்டம் மாவட்டமாக இலக்கும் இருந்தது.

நான் அதை இரண்டு முறை வாசித்தேன். உண்மையைச் சொன்னால் ஆசையாக இருந்தது. எங்கள் காலத்தில் வாயுவைச் சுத்தம் செய்வதென்றால் இரும்புத் தூள் அடைத்த ஒரு முழக் குழாய், அவ்வளவுதான். இவர்கள் பஸ்ஸுக்கே போய்விட்டார்கள். "நீங்க இலக்கு வெச்சி வேல செஞ்ச ஆளாமே சேர், அந்த நேரம் என்ன நடந்த?" என்று அந்தப் பொறியியலாளர் கேட்டார். அவர் கேட்டது அரைப் பக்கம். நான் எழுதத் தொடங்கியதும் அது அரைப் பக்கத்தில் நிற்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில் வந்த சூறாவளி எங்கள் கரையோரத் தென்னைகளைப் படுக்க வைத்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு ஒரு வருடம் கல்முனைப் பக்கத்தில் விறகுக்குப் பஞ்சமே இல்லை. எந்த வளவில் பார்த்தாலும் விழுந்த மரம் கிடந்தது. அவ்வளவும் எரிந்து முடிந்த பிறகுதான் சங்கதி விளங்கியது. மட்டை இல்லை, பாளை இல்லை, மண்ணெண்ணெய் வாங்கிக் கட்டாது. காட்டுப் பக்கமிருந்து வரும் விறகு வண்டிக்குப் பெண்கள் படலையில் காத்துக்கொண்டு நின்றார்கள். அந்த நேரம்தான் அரசாங்கம் சாணவாயுத் திட்டத்தோடு வந்தது. மாடு உள்ள வீட்டில் சாணக் கரைசலை ஊற்ற ஒரு தாங்கி, தாங்கியிலிருந்து குசினிக்கு ஒரு குழாய், குழாய் முனையில் ஓர் அடுப்பு. ஊர் அதற்கு வைத்த பெயர் சாணிக் காஸ்.

எனக்கு உயர்தரத்தில் விஞ்ஞானம் வாய்த்தது, பல்கலைக்கழகம் வாய்க்கவில்லை. தற்காலிகக் கள உத்தியோகத்தனாக எடுத்தார்கள். மலைநாட்டில் மூன்று மாதம் பயிற்சி. முதல் நாள் கையுறை கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த மூன்று மாதத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஊருக்கு வந்து பார்த்தால் படித்த படம் எங்கள் மண்ணுக்குப் பொருந்தவில்லை. படத்தில் ஆள் ஆழத்துக்குக் கிடங்கு. எங்கள் கடற்கரை மணலிலே இடுப்பளவு தோண்டினால் தண்ணீர் வந்து எட்டிப் பார்க்கும். ஆகவே கிணற்றுக்கு இறக்கும் சீமெந்துக் கொட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கி, பொருத்துகளைப் பூசி, அதற்குள் சாணக் கரைசலை ஊற்றினோம். மேலே கவிழ்த்து வைக்க இரும்பு உருளையை அரசாங்கம் கொடுத்தது. வாயு சேரச் சேர உருளை எழும்பும், எரிய எரியத் தாழும். உப்புக் காற்றுக்கு இரும்பு தாங்காது என்று தோணிக்குப் பூசும் தாரைப் பூசினேன். அது என் சொந்தக் கண்டுபிடிப்பு. அந்த நாட்களில் அதை யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

எனக்கு மேலே இருந்தவர் தில்லையம்பலம் என்ற பொறியியலாளர், யாழ்ப்பாணத்தவர். மட்டக்களப்பில் இருந்து இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஜீப்பில் வருவார். வெள்ளைக் காற்சட்டை போட்டுக்கொண்டு வந்து சாணிக் கரைசலில் கை வைத்த மனிதர் என்று நான் கண்டது அவரை மட்டும்தான். கரைசலை இரண்டு விரலால் தேய்த்து மணந்து பார்த்து, "புளிச்சுப் போச்சு, தண்ணியைக் குறையும்" என்பார். ஒரு பலகையில் வளைத்துக் கட்டிய தெளிந்த பிளாஸ்டிக் குழாயும், அதற்குள் சிவப்பு மை கலந்த தண்ணீரும் எப்போதும் அவரிடம் இருக்கும். வாயுக் குழாயில் அதை மாட்டினால் சிவப்புத் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவுதான் அழுத்தம். வீட்டுக்காரர் சொல்வதையோ நான் சொல்வதையோ அவர் எழுதியதில்லை. குழாயை மாட்டி, அளவைப் பார்த்த பிறகுதான் பேனாவை எடுப்பார். இன்னொரு பழக்கமும் இருந்தது. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்பார். நீங்கள் உண்மையைச் சொல்லும்வரை நிற்பார். என்னை "நீர்" என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் "நீர்", "நீங்கள்" ஆகிவிடும். அந்த மரியாதைக்குத்தான் நாங்கள் பயந்தோம்.

எங்கள் பிரிவுக்கு முதல் வருட இலக்கு பன்னிரண்டு தாங்கி. கொழும்பில் யாரோ மாட்டுக் கணக்கைப் பார்த்து, இத்தனை மாட்டுக்கு இவ்வளவு சாணம், இவ்வளவு சாணத்துக்கு இத்தனை தாங்கி என்று பிரித்துப் போட்டது. இலக்கை முடித்தவர்களுக்கு நிரந்தர நியமனம் என்றும் ஒரு பேச்சு இருந்தது. எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். தற்காலிகம் என்ற சொல்லைப் பெண் வீட்டார் எப்படி உச்சரித்தார்கள் என்று இன்னும் காதில் இருக்கிறது.

சிறுபோக வெள்ளாமை வெட்டி முடிந்த கையோடு, படிவத்தையும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். மாடுகளின் எண்ணிக்கை என்று ஒரு கட்டம். மாட்டுக்காரரிடம் மாட்டைப் பற்றிக் கேட்டால் முகம் மலரும். "பதினெட்டு" என்றார் ஆதம்பாவா காக்கா. எங்கள் ஊரில் அண்ணன் முறையுள்ளவரைக் காக்கா என்போம். பொய் இல்லை. ஊருக்குப் பின்னால் வெட்டின வயலில் அவருடைய மாடுகள் மேய்ந்துகொண்டு நின்றதை நானே எண்ணினேன். மாலையில் வளவுக்கு வந்து படுத்தன. காலையில் வாளி வாளியாகச் சாணம் கிடந்தது.

அவருடைய மனைவி சபூறா. என் மூத்த சகோதரியின் வயது, ஆகவே ராத்தா என்றுதான் அழைப்பேன். காலையில் இடியப்பம் அவித்து நான்கைந்து தெருவுக்குக் கொடுப்பது அவருடைய தொழில். விடிகாலை சுப்ஹுத் தொழுகைக்கு முன்னமே அடுப்பு மூட்டுவார். பல வருடமாகக் குடித்த புகை நெஞ்சில் இழுப்பாக நின்றுவிட்டது. ஒரு வசனம் பேசுவதற்குள் இரண்டு முறை இருமுவார். இருமி முடித்து மூச்சைப் பிடிக்க வாசற்கதவைப் பிடித்துக்கொள்வார். புகையை விடாவிட்டால் நெஞ்சு விட்டுவிடும் என்று ஆஸ்பத்திரி டொக்டர் சொல்லிவிட்டார். இடியப்பத்தை விட்டால் வீட்டில் தன் கையால் சம்பாதிக்கும் பெருமை போய்விடும் என்று ராத்தா டொக்டருக்குச் சொல்லிவிட்டார். இரண்டு பேருமே விடவில்லை.

"இதுல புகை வராதா தம்பி? அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லுங்க" என்று கேட்டார்.

"பொட்டுப் புகையும் வராது ராத்தா. சட்டிக்குக் கரியும் பிடிக்காது."

"அப்ப எனக்கு முதல்ல கட்டுங்க."

குசினி சிறியது. பழைய விறகு அடுப்பை உடைத்தால்தான் புது அடுப்புக்கு மேடை கட்டலாம் என்று நான் சொன்னேன். என் முன்னாலேயே கோடரியின் பின்பக்கத்தால் அடித்து அந்த அடுப்பை உடைத்தார்.

சாணமும் தண்ணீரும் சரிக்குச் சரி, வைக்கோல் துண்டை எல்லாம் கையால் பொறுக்கிவிட்டுக் கரைத்து ஊற்றினோம். மூன்று கிழமை கழித்து உருளை அசைந்தது. முதல் வாயு எரியாது, அதை வெளியே விட்டுவிட வேண்டும். இரண்டாவது தடவை சேர்ந்ததை அடுப்பில் திறந்து நெருப்புக் குச்சியைக் காட்டினேன். நீலமாகப் பற்றிக்கொண்டது. சத்தம் மட்டும் ஒரு மெல்லிய சீறல். ராத்தா முகத்தை அருகில் கொண்டுபோய் மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்தார். இருமல் வரவில்லை. "யா அல்லாஹ்" என்றார், அவ்வளவுதான். அன்றைக்கு நான் மிதந்துகொண்டுதான் வீட்டுக்குப் போனேன். ஒரு வருட இலக்கை மூன்று மாதத்தில் முடித்தேன். பன்னிரண்டாவது தாங்கிக்குச் சாணம் ஊற்றிய அன்று, இந்த நாட்டின் எரிபொருள் பிரச்சினையைத் தீர்க்க என்னை விட்டால் ஆளில்லை என்றே நினைத்தேன்.

அடுத்த கிழமை வட்டை விதானை அறிவித்தார். வயல் வட்டையின் நீர்ப்பாய்ச்சலையும் வேளாண்மைத் தேதிகளையும் பார்ப்பவர் அவர். மாரி விதைப்புத் தொடங்குகிறது, குறித்த தேதிக்குள் மாடுகளை வட்டையை விட்டு அப்புறப்படுத்த வேண்டும் என்றார். ஒவ்வொரு வருடமும் சொல்வதுதான். ஒவ்வொரு வருடமும் மாடுகள் போவதுதான். மேற்கே காட்டோரத்தில் பட்டி அடைத்து, மாரி வெட்டு முடியும்வரை அங்கேதான் நிற்கும். மூன்று நாளில் ஊரில் மருந்துக்கும் சாணி இல்லை.

இதில் எனக்கு இன்றுவரை விளங்காத புதினம் ஒன்று உண்டு. என் வாப்பா வெள்ளாமை செய்தவர். மாடு போகும் தேதி எனக்குப் பெருநாள் தேதி மாதிரித் தெரியும். சின்ன வயதில் அந்த மாட்டு மந்தைக்குப் பின்னால் தோடம்பழம் உரித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். ஆனால் படிவத்தைக் கையில் எடுத்ததும் அந்த அறிவெல்லாம் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. கட்டத்தில் எத்தனை மாடு என்று கேட்டிருந்தது, எழுதினேன். எத்தனை மாதம் என்று கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மாட்டுக்காரர்களும் சொல்லவில்லை. நானும் ஊர்க்காரன், எனக்குத் தெரியாதா என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

ஆதம்பாவா காக்கா பெருந்தன்மையாக, "சாணி வேணுமெண்டா பட்டிக்கு வாங்க தம்பி, மலையாக் குமிஞ்சி கிடக்கி" என்றார். ஒரு தடவை உழவு இயந்திரப் பெட்டியோடு போனேன். மழையில் பாதி வழியிலேயே சக்கரம் புதைந்து, இரண்டு நாள் கிடந்து திரும்பி வந்தேன். உருளைகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்து தண்ணீரில் உட்கார்ந்தன. மற்றப் பதினொரு வீட்டிலும் பழைய அடுப்பு இருந்தது, திரும்பி அதற்குப் போனார்கள். ராத்தா வீட்டில் உடைத்த அடுப்பு. ஓரத்துத் தாழ்வாரத்தில் மூன்று கல்லை வைத்து ஈர விறகை ஊதினார். மாரிகாலப் புகை எழும்பாது, நிலத்தோடு படுக்கும். பத்தாம் நாள் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் பார்க்கப் போனபோது கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு வராதாம். ஒரு குறை சொல்லவில்லை. "மாடு வந்தாப் பொறகு எரியும்தானே தம்பி?" என்று மட்டும் கேட்டார். குறை சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அந்தக் கிழமை தில்லையம்பலம் சேர் வந்தார்.

"எத்தினை தாங்கி காணும்?"

"பன்னெண்டும் முடிஞ்சி சேர்."

"எத்தினை அடுப்பு எரியுது?"

கேட்டுவிட்டு நின்றார். நானும் நின்றேன். அவர் வென்றார்.

"ஒண்டும் இல்ல சேர். மாடு பட்டிக்குப் போயிட்டு."

"ஒவ்வொரு வருசமும் போறதோ?"

"ஓம் சேர்."

"உது உங்களுக்கு முந்தியே தெரியுமோ?"

நீர், நீங்கள் ஆகிவிட்டது. ஓம் என்றேன். அவர் திட்டவில்லை. ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை இறைச்சி வாங்கப் போனேன். கபூர் காக்காவின் கடைக்குப் பின்னால் மடுவம், அதாவது மாடு அறுக்கும் இடம். எனக்கு மூக்கு கொஞ்சம் நீளம். எங்கே நாற்றம் வந்தாலும் என்ன, ஏது என்று போய்ப் பார்க்காமல் இருக்க முடியாது. மடுவத்துக்குப் பின்னே ஒரு கிடங்கு. அறுத்த மாட்டின் இரைப்பையில் இருந்த அரைத்த புல்லை எல்லாம் அதற்குள் தள்ளுவார்கள், நிறைந்தால் கடலுக்குக் கொட்டுவார்கள். மழைத்தண்ணீர் நின்ற அந்தக் கிடங்கு முழுக்கக் குமிழி. குத்தரிசிச் சோறு கொதிப்பது போல மெதுவாக வந்து வெடித்துக்கொண்டிருந்தது. நான் குந்திக்கொண்டு பார்த்தேன்.

"என்ன தம்பி, குடல் வேணுமா?" என்றார் கபூர் காக்கா.

"இல்ல காக்கா. இந்தக் குமிழி வேணும்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். புனலும் போத்தலும் கேட்டு வாங்கினேன். போத்தலில் தண்ணீரை நிரப்பிக் கவிழ்த்து, கீழே புனலைப் பிடித்து, கம்பால் கிண்டி, எழும்பிய குமிழிகளைப் பிடித்தேன். வாயை விரலால் மூடி எடுத்து நெருப்புக் குச்சியைக் காட்டினேன். நீலமாகப் பக்கென்று எரிந்தது. கபூர் காக்கா கத்தியோடு இரண்டு அடி பின்னுக்குப் பாய்ந்தார்.

பிறகு யோசித்தால் எவ்வளவு சின்ன விஷயம். உயிரோடு ஊரைவிட்டுப் போன மாடுகள் ஒவ்வொன்றாகத் தினமும் ஊருக்குத் திரும்பித்தான் வருகின்றன, கபூர் காக்காவின் கடைக்கு. மாரி, கோடை என்று அதற்கு ஒரு கணக்கும் இல்லை. ஆனால் திட்டத்தில் மாடு என்றால் வீட்டில் கட்டிய மாடு மட்டும்தான்.

மட்டக்களப்புக்கு பஸ் ஏறிப்போய் சேரிடம் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார்.

"எழுத்தில கேளாதையும்" என்றார். "எழுத்தில கேட்டால் ஏலாது எண்டுதான் நான் எழுதவேணும். நீர் ஒண்டும் சொல்லேல்லை, நான் ஒண்டும் கேக்கேல்லை." நான் கதவடிக்குப் போனதும் கூப்பிட்டார். "பௌர்ணமிப் போயாவுக்கு மடுவம் பூட்டல்லோ? அண்டைக்கு என்ன செய்வீர்?"

"தாங்கி ஒரு நாள் நோம்பு பிடிக்கும் சேர்."

அவர் சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ராத்தாவின் தாங்கி செத்துப்போகவில்லை, பட்டினி கிடந்தது. உள்ளே பழைய கரைசல் இருந்தது, அதுதான் புளிக்க வைக்கும் உறை. இரைப்பைப் புல்லை அப்படியே போட்டால் மேலே மிதந்து பாய்போல் கெட்டியாகிவிடும். ஆகவே ஒரு நாள் ஊறவைத்து, கம்பி வலையில் தேய்த்து, சாற்றையும் மாவையும் மட்டும் ஊற்றினேன். கயிறு கட்டிய கம்பால் காலையும் மாலையும் கலக்கினேன். பத்து நாளில் உருளை எழும்பியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ராத்தா அடுப்பைத் திறந்தார். இடியப்பம் அவிந்தது.

ஆனால் தட்டு அப்படியே திரும்பி வந்தது. இரண்டாம் நாளும் வந்தது. மாட்டு வயிற்றுக் குப்பையும் இரத்தமும் போட்ட நெருப்பில் அவித்ததாம், நஜீஸாம். நஜீஸ் என்றால் மார்க்கத்தில் அசுத்தம். சாணிக்கு இந்தக் கேள்வி வரவில்லை. நியாயமாகப் பார்த்தால் சாணிக்கும் வந்திருக்க வேண்டும். சாணி கண்ணுக்குப் பழகியது, மடுவத்து வாளி பழகவில்லை.

"நெருப்பு இரிக்கி, திங்க ஆளில்ல" என்றார் ராத்தா. "ஹறாமெண்டா நானும் திங்க மாட்டன் தம்பி. என்ட நெஞ்சுக்காக ஊருக்கு அசுத்தத்தக் குடுக்கேலாது. கேட்டுட்டு வாங்க. வேணாமெண்டு சொன்னா நாளைக்கே குழாயக் கழட்டுங்க."

கழற்றினால் திரும்பவும் அந்த மூன்று கல்தான் என்று அவருக்குத் தெரியும்.

பள்ளிவாசல் மௌலவியிடம் போனேன். துரத்திவிடுவார் என்று பயந்தேன். அவரோ என்னைவிட மூக்கு நீளமான மனிதராக இருந்தார். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ராத்தா வீட்டுக்கே வந்து தாங்கியைச் சுற்றி நடந்து, கேள்வி மேல் கேள்வி கேட்டார். வாயு எப்படி எழும்புகிறது, அதற்கு அடியில் நெருப்பு மூட்டுகிறோமா, குழாய் வழியாகக் கரைசல் சொட்டுமா, எரியும்போது புகை உண்டா? தன் வெள்ளைக் கைலேஞ்சித் துணியைச் சுவாலைக்கு மேலே பிடித்துப் பார்த்தார். கரி படியவில்லை. அன்று ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அடுத்த நாள் மார்க்கக் கிதாபைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

"அசுத்தத்த எரிச்சி வாற புகைக்குச் சட்டம் வேற. நெருப்பில்லாமத் தானா எழும்புற ஆவி சுத்தம். கக்கூசிலருந்து எழும்புற ஆவி உடுப்புல பட்டா உடுப்பக் கழுவுறமா? இல்லயே. இதும் அப்படித்தான். கைக்கும் வாளிக்கும்தான் கவனம் வேணும். வாளி தொட்ட கையால மா பிசையக் கூடா." பிறகு ராத்தா நின்ற கதவுப் பக்கம் பார்த்து, "நாளைக்கி எனக்கும் பத்து இடியப்பம் அனுப்புங்க" என்றார்.

வாளி வேலைக்கு வேறு சட்டையே வைத்துக்கொண்டேன். ஒரு கிழமையில் பழைய தெருக்கள் எல்லாம் திரும்பி வந்தன.

தை மாதக் கடைசியில் கொழும்பிலிருந்து ஒரு பெரிய அதிகாரி இலக்கைப் பார்க்க வந்தார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் மேலே யாரோ இலக்கோடு நின்றிருப்பார்கள். பதினொரு வீட்டிலும் தாங்கியைப் பார்த்தார், உருளையைத் தட்டிப் பார்த்தார், சரி போட்டார். அடுப்பைத் திறக்கச் சொல்லவில்லை. தில்லையம்பலம் சேர் ஒவ்வொரு வீட்டிலும் தன் குழாயை மாட்டினார். சிவப்புத் தண்ணீர் அசையவில்லை. அவர் பேனாவைத் தொடவே இல்லை.

கடைசியாக ராத்தா வீடு. அங்கே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதிகாரிக்குச் சந்தோஷம். எத்தனை மாடு என்று கேட்டார், சேர் மொழிபெயர்த்தார். நான் ராத்தாவுக்குக் கண்ணைக் காட்டினேன். பதினெட்டு என்று சொன்னால் போதும், பன்னிரண்டும் சரி. அவர் என் கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

"பதினெட்டு மாடு பட்டியில நிக்கிது ஐயா. அதுல ஒரு மாட்டுட சாணியும் இதுக்கு வாறல்ல. இது மடுவத்துச் சாணி. மத்தப் பதினொரு வீட்டுப் பொம்புளையளும் ஊதிக்கிட்டுத்தான் இரிக்காங்க. அவங்களுக்கும் மடுவத்திலருந்து குடுக்கச் சொல்லி எழுதுங்க."

அதிகாரியின் முகம் மாறியது. சொந்த மாட்டின் சாணம் இல்லாத வீடு திட்டத்துக்குள் வராது. பன்னிரண்டாவது வரியைக் கோடு போட்டு வெட்டினார். வெட்டினால் அரசாங்க உருளையைத் திருப்பி எடுக்க வேண்டும் என்பதும் விதி. சேர் அவரை வெளியே கூட்டிக்கொண்டுபோய் ஆங்கிலத்தில் நீண்ட நேரம் வாதாடினார். அவர் குரல் உயர்ந்ததை அன்றுதான் கேட்டேன். பிரயோசனம் இல்லை. பதினொன்று சரி, ஒன்று தள்ளுபடி, உருளையை ஒரு மாதத்துக்குள் ஒப்படைக்கவும் என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

நான் ராத்தாவிடம் கோபித்தேன். "நான் கண்ணக் காட்டினன்தானே!"

"கண்டன் தம்பி" என்றார். "எனக்கு மட்டும் மூச்சு வந்தாப் போதுமா?"

வெட்கமாக இருந்தது. அவருடைய அடுப்பை நான் ஒரு தடவை உடைக்க வைத்தேன், இப்போது இரண்டாவது தடவையும் நானே வந்து பிடுங்க வேண்டும். உருளையை எடுக்கப் போகாமல் நாளைக் கடத்தினேன். மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது மட்டக்களப்பிலிருந்து தட்டச்சு செய்த ஒரு கடிதம் வந்தது. தில்லையம்பலம் சேர் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தார். கடற்காற்றால் உருளை முற்றாகத் துருப்பிடித்துவிட்டது, வாயு தங்காது, ஏற்றிச் செல்லவும் தகுதியில்லாததால் அந்த இடத்திலேயே கைவிடப்பட்டது, நேரில் பரிசோதித்தேன் என்று இருந்தது. சாட்சியாக நான் கையெழுத்திட வேண்டும். குழாயை மாட்டிப் பார்க்காமல் ஓர் அளவைக்கூட எழுதாத மனிதர் எழுதிய கடிதம் அது. கையெழுத்திட்டு அடுத்த பஸ்ஸிலேயே அனுப்பிவைத்தேன்.

மற்றப் பதினொரு வீட்டுக்கும் மடுவத்துச் சாணம் கேட்டு நான் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. வெட்டு முடிந்து மாடுகள் வந்தபோது சில எரிந்தன, போனபோது அணைந்தன. அந்த அரைகுறை நெருப்போடு சில வருடம் போராடினேன். பிறகு நாட்டு நிலைமையில் அதெல்லாம் கேட்பாரற்றுப் போனது.

இலக்கில் ஒன்று குறைந்தாலும், பதினொன்றை முடித்ததற்காக அந்த வருடமே எனக்கு நிரந்தர நியமனம் கிடைத்தது. கடிதம் வந்த அன்று காலையிலேயே ராத்தா வீட்டுக்குப் போனேன். யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் அடுப்படியில் நின்றார், நான் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எரியாத பதினொரு தாங்கிக்கும் அரசாங்கம் எனக்கு உத்தியோகம் தந்திருக்கிறது, உங்கள் தாங்கி துருப்பிடித்துச் செத்துப்போனது என்று நானே கையெழுத்திட்டிருக்கிறேன் என்றேன்.

ராத்தா திரும்பி, நீலமாக எரியும் அடுப்பையும் அதன்மேல் ஆவி பறக்கும் இடியப்பச் சட்டியையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கினார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். நிறுத்தி, "செத்துப்போச்சாமா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் சிரித்தார். நான் பயத்தோடு காத்துக்கொண்டு நின்றேன். கடைசிவரை அவர் ஒரு தடவைகூட இருமவில்லை.